மூத்திரம் அடக்க முடியவில்லை: முதலில் எந்த டாக்டரிடம் சொல்வது?

போன தைப்பூசத்துக்கு அம்மா பத்துமலைக்கு வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, 272 படி ஏற முடியாது என்றார். உண்மைக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. இருமினாலும் தும்மினாலும் சேலை நனைந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் டாய்லெட்டுக்கு வரிசையில் நிற்பதை நினைத்தே பயந்திருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருஷமாக, மகளான என்னிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்களுக்கு மூன்று வழி இருந்தது: பக்கத்துத் தனியார் கிளினிக், அம்மா இனிப்புநீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்கும் அரசாங்க கிளினிக், இல்லையென்றால் நேராகத் தனியார் மருத்துவமனை ஸ்பெஷலிஸ்ட்.

பக்கத்துக் கிளினிக்தான் மனதுக்கு நெருக்கம். டாக்டர் தமிழர், குடும்பத்தையே தெரியும், அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த நெருக்கமே அம்மாவின் வாயைக் கட்டிப்போட்டது. கவுண்டரில் இருந்த பெண் எல்லார் முன்னாலும் "என்னம்மா செய்யுது?" என்று கேட்க, அம்மா "இருமல்" என்று சொல்லி, இருமல் மருந்தோடு திரும்பி வந்தார். டாக்டர்மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லையே. அதோடு, அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அவரிடம் இல்லை.

அரசாங்க கிளினிக்கில் பாதி நாள் போய்விடும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். கட்டணம் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். மலாய் வராதே என்று அம்மா தயங்கினார். "தாக் போலே தாஹான் கென்சிங்" (மூத்திரம் அடக்க முடியவில்லை) என்ற நாலு வார்த்தை போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும். இருந்தும் நான் இதைத்தான் முதலில் வைப்பேன், காரணம் அம்மாவின் மருந்துப் பட்டியல் முழுவதும் அங்கே இருக்கிறது. கொதிப்புக்குக் கொடுக்கும் பெரிண்டோபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஒவ்வொரு இருமலும் வயிற்றை அழுத்தி, மூத்திரத்தைக் கசிய வைக்கும். கொதிப்புக்கான இன்னொரு மாத்திரையான அம்லோடிபின் கால்களை வீங்க வைத்தால், படுத்த பிறகு அந்த நீர் இறங்கி ராத்திரியில் பலமுறை எழுப்பிவிடும். சர்க்கரை ஏறினாலும் மூத்திரம் அடிக்கடி வரும். அம்மாவின் இருமலுக்குக் காரணம் அந்தப் பெரிண்டோபிரில்தான். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். தயவுசெய்து யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிருமித் தொற்று இருக்கிறதா என்று மூத்திரப் பரிசோதனையும் அங்கேயே செய்தார்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் தருவார்கள். அங்கே 5 ரிங்கிட், ஆனால் காத்திருக்க வேண்டும்.

தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் சீக்கிரம் பார்க்கலாம். பரிசோதனைகளையும் சேர்த்தால் செலவு நூற்றுக்கணக்கில் போகும். சிறுநீர்ப்பாதை மருத்துவரா (யூரோலஜிஸ்ட்), பெண்கள் மருத்துவரா என்ற குழப்பம் வேறு. இருமும்போது கசிகிற சாதாரண கேஸுக்கு அவரும் முதலில் இடுப்புத் தசைப் பயிற்சியைத்தான் சொல்வார்: மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல் தசையை இறுக்கி விடுவது, ஒரு தடவைக்கு எட்டு முறை, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். கர்ப்பப்பை இறங்கியதுபோல் இருந்தாலோ, அப்பாமாருக்கு மூத்திரம் மெலிந்து சொட்டுச்சொட்டாகப் போனாலோ இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

மூத்திரத்தில் ரத்தம் வந்தால் எங்கே போவது என்று யோசித்து நாள் கடத்தாதீர்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கே போனாலும் ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும். மூன்று நாளைக்கு எப்போது என்ன குடித்தோம் (தேத்தண்ணியும் கணக்கில் சேர்த்தி), எப்போது போனோம், எப்போது கசிந்தது என்று எழுதிவையுங்கள். இருமும்போது கசிவதும், அவசரமாக வந்து டாய்லெட் போவதற்குள் நனைந்துவிடுவதும் வேறு வேறு. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் டாக்டருக்கு எது என்று சீக்கிரம் பிடிபடும். கூச்சப்படுகிறவர்கள் நோட்டை நீட்டினால்கூடப் போதும், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். அம்மா அப்படித்தான் தொடங்கினார்.

இப்போது பயிற்சி நான்காவது மாதம். பலமாகத் தும்மினால் இன்னும் கொஞ்சம் கசிகிறது. அடுத்த அப்பாயின்ட்மென்டில் அதைக் கேட்க வேண்டும் என்று அம்மாவே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.