ஹனோவரின் சிவப்புக் கோடு: பல வருடங்களாக நடந்து பார்த்த அனுபவம்

ஏப்ரல் மாதத் தொழிற்கண்காட்சிக்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்கு வரும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “கையில அரை நாள் இருக்கு, ஊருக்குள்ள பார்க்க ஏதாவது இருக்கா?” பெர்லின், மியூனிக் அளவுக்குப் பேர் வாங்காத ஊர் என்பதால் கேட்கும்போதே ஒரு சந்தேகம் தொனிக்கும். இங்கே குடியேறியதிலிருந்து என் பதில் மாறவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே சுற்றுலாத் தகவல் அலுவலகத்தின் பக்கம் தரையில் ஒரு சிவப்புக் கோடு தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊரைப் பார்த்துவிடலாம்.

‘ரோட்டர் ஃபாடன்’ என்று பெயர். 4.2 கிலோமீட்டர், 36 இடங்கள். நடைபாதையில் சிவப்புச் சாயத்தில் கோடு ஓடும், ஒவ்வொரு இடத்திலும் எண் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கான விளக்கம் தகவல் அலுவலகத்தில் சில யூரோவுக்கு விற்கும் கையேட்டில் இருக்கும். பல மொழிகளில் உண்டு, ஆங்கிலத்திலும் கிடைக்கும். வழிகாட்டி வேண்டாம், முன்பதிவு வேண்டாம். கால் வலித்தால் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு நாள் அதே எண்ணிலிருந்து தொடரலாம். நான் தனியாகவும் நடந்திருக்கிறேன், வரும் விருந்தினர் எல்லோரையும் இழுத்துக்கொண்டும் நடந்திருக்கிறேன். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் நிற்காமல் நடப்பதற்கு இது உடற்பயிற்சி இல்லையே, அரை நாள் ஒதுக்குங்கள்.

குறை சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கடைத்தெருப் பக்கம் தேய்ந்துபோயிருக்கும். குழாய் வேலைக்குத் தோண்டி மூடிய இடத்தில் காணாமல் போய், தெருவின் அந்தப் பக்கம் திரும்ப முளைக்கும். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் நாட்களில் பழைய நகரப் பகுதியில் கடைகளும் கூட்டமும் அதை மறைத்துவிடும். அப்போதெல்லாம் தரையைத் தேடிக்கொண்டிருக்காமல் கையேட்டின் வரைபடத்தைப் பார்த்து அடுத்த எண்ணுக்குப் போய்விடுவதே உத்தமம்.

அப்புறம், கையேடு சொல்லாத, என் வரையில் ரொம்ப முக்கியமான ஒன்று. முதல் எண்ணில் தொடங்காதீர்கள். டிராமில் எகிடியன்டோர்பிளாட்ஸ் வரை போய், அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்து நேராகப் புதிய நகர மன்றத்துக்குள் நுழையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை என்றே நினைப்பீர்கள். ஆனால் 1913இல் திறந்த மாநகராட்சிக் கட்டடம்தான் அது. சதுப்பு நிலம் என்பதால் 6026 பீச் மரத் தூண்களை அடியில் இறக்கி அதன்மேல் கட்டினார்கள். செலவு பத்து மில்லியன் மார்க், அத்தனையும் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று என்று திறப்பு விழாவில் நகர இயக்குநர் ஹைன்ரிஷ் டிராம் ஜெர்மன் பேரரசரிடம் பெருமையடித்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள்.

உள்ளே போனதும் பெரிய கூடத்தில் நகரத்தின் நான்கு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. 1689, 1939, 1945, இன்று. முதல் மாதிரியில் கோட்டைச் சுவருக்குள் அடங்கிய சின்ன ஊர். இரண்டாவதில் கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் பெரிய நகரம். மூன்றாவதில் கூரையே இல்லை. தெருக்களின் கோடுகள் அப்படியே இருக்கின்றன, இரு பக்கமும் உள்ளீடற்ற சுவர்த் துண்டுகள் மட்டும் நிற்கின்றன. 1943 அக்டோபர் 8ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில்தான் பழைய நகரத்தின் பெரும்பகுதி போனது. 1939 மாதிரியில் ஒரு தேவாலயத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, 1945 மாதிரியில் அதே இடத்தைத் தேடிப் பாருங்கள். நான் கூட்டிவருகிறவர்கள் பேச்சை நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

இதைப் பார்க்காமல் கோட்டில் நடந்தால் என்ன ஆகும் என்றால், கடைசிப் பகுதியில் வரும் மரச்சட்ட வீடுகளைப் பார்த்து “நானூறு வருஷமா அப்படியே இருக்கே” என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அப்படியே இருக்கவில்லை. போரில் தப்பிய சில வீடுகளை வேறு தெருக்களிலிருந்து பிரித்து எடுத்துவந்து, மார்க்ட் தேவாலயத்தின் பக்கம் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். லைப்னிட்ஸ் வீடும் அப்படித்தான். தத்துவவாதியும் கணிதமேதையுமான லைப்னிட்ஸ் 1716இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு ஷ்மீட தெருவில் இருந்தது, போரில் அழிந்தது. இப்போது ஹோல்ஸ்மார்க்டில் நாம் பார்ப்பது 1980களின் தொடக்கத்தில் அதே முகப்பைப் புதிதாகச் செய்து வேறு இடத்தில் வைத்தது. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எது தப்பியது, எது இடம் மாறியது, எது புதிதாகச் செய்தது என்று தரையில் இருக்கும் எண் சொல்லாது. அந்தக் கேள்வியை நாம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நகர மன்றத்தின் குவிமாடத்துக்குப் போகும் மின்தூக்கியையும் விட்டுவிடாதீர்கள். குவிமாடத்தின் வளைவை ஒட்டியே சாய்ந்து சாய்ந்து மேலே ஏறும், சாய்வு 17 பாகை வரை போகும். கூண்டு சின்னது, வார இறுதியில் வரிசை நீளும், குளிர்காலத்தில் ஓடாது. தனிக் கட்டணம் உண்டு. மேலேயிருந்து மாஷ் ஏரி முழுதாகத் தெரியும். அதுவும் இயற்கை ஏரி இல்லை, 1930களில் வெட்டியது.

அங்கிருந்து பக்கத்திலேயே எகிடியன் தேவாலயம். கூரையில்லாத சுவர்கள் மட்டும். பழுது பார்க்காமல் வேண்டுமென்றே அப்படி விட்டுவைத்திருக்கிறார்கள். வாசலில் ஹிரோஷிமா நகரம் 1985இல் கொடுத்த அமைதி மணி தொங்குகிறது, இரண்டும் சகோதர நகரங்கள். ஆகஸ்ட் 6 அன்று அதை அடிப்பார்கள். முப்பத்தாறில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு விலகல். மரீன் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் கார்டன் கல்லறைத் தோட்டம் வரும். கோடு இந்தப் பக்கம் வராதது எனக்கு இன்னும் புரியாத விஷயம். வால்மீன்களைக் கண்டுபிடித்த வானியலாளர் கரோலின் ஹெர்ஷலின் கல்லறை இங்கே இருக்கிறது. ஹனோவரில் பிறந்து, இங்கிலாந்தில் அண்ணனோடு வானத்தைப் பார்த்து, திரும்பி வந்து 1848இல் 97 வயதில் காலமானவர். இளம் கவிஞன் கோத்தேயின் மனதைக் கலக்கிய ஷார்லோட்டும் இங்கேதான். இன்னொரு கல்லறையின் பெயர் ‘திறந்த கல்லறை’. 1782இல் இறந்த ஒரு பெண்ணுக்கானது. என்றென்றைக்குமாக விலைக்கு வாங்கிய இந்தக் கல்லறையை ஒருபோதும் திறக்கக் கூடாது என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு பிர்ச் மரம் உள்ளே வேர்விட்டு அந்தக் கற்களையே பிளந்துவிட்டது. மரம் பட்டுப்போய்விட்டது, கற்கள் விலகியபடியே கிடக்கின்றன.

திரும்பக் கோட்டுக்கு வந்து, லைனே ஆற்றங்கரைக்குப் போனால் அந்த இரண்டு பெண்களின் பெயரும் மறுபடி வரும். நிக்கி டி செயின்ட் ஃபால் செய்த மூன்று வண்ணமயமான குண்டுப் பெண் சிற்பங்கள் ஆற்றின் அக்கரையில் நிற்கின்றன. பெயர்கள் சோஃபி, ஷார்லோட், கரோலின். 1974இல் வைத்தபோது வரிப்பணத்தை இப்படியா வீணடிப்பது என்று ஊரே சண்டை போட்டது. இப்போது அவற்றின் படம் இல்லாத வாழ்த்து அட்டை இங்கே கிடைப்பது கஷ்டம். சனிக்கிழமை போனால் கரையோரம் பழைய பொருள் சந்தையும் இருக்கும்.

லைனே அரண்மனை இப்போது மாநிலச் சட்டமன்றம். 1714 முதல் 1837 வரை ஹனோவருக்கும் பிரிட்டனுக்கும் ஒரே அரசர். 1783இல் கடலூர் முற்றுகையில் ஆங்கிலேயரோடு சேர்ந்து ஹனோவர்ப் படைகள் சண்டையிட்டதும் அந்த உறவால்தான். 1837இல் விக்டோரியா பிரிட்டனில் பட்டத்துக்கு வந்தார். ஹனோவரில் பெண் ஆள முடியாது என்பதால் அவர் சித்தப்பா எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் மன்னரானார். வந்ததும் அரசியலமைப்பை ரத்து செய்தார், எதிர்த்த கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஏழு பேரை வேலையை விட்டு நீக்கினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அவர்களில் இருவர். அந்த ஏழு பேருக்கும் சட்டமன்றத்தின் பக்கத்தில் வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது. மன்னரோ ரயில் நிலைய வாசலில், ‘நாட்டின் தந்தைக்கு அவரது விசுவாசமான மக்கள்’ என்ற வாசகத்தோடு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். கோடு முடிவதும் அங்கேதான். ஊர்க்காரர்கள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் “வாலுக்கு அடியில்” என்பார்கள். அந்தக் குதிரையின் வால்தான்.

மார்க்ட் தேவாலயம் 14ஆம் நூற்றாண்டின் செங்கல் கட்டடம். 98 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சி மட்டும் பெரிய தலைக்குக் குழந்தைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். கட்டியவர்கள் களைத்தார்கள், பணப்பையும் காலி என்பது ஊர் வழக்கு. ஓபராவும் கடைத்தெருவும் கோட்டில் உண்டு. நேரமில்லாவிட்டால் நான் முதலில் வெட்டுவது கடைத்தெருவைத்தான்.

பழைய நகரப் பகுதியில் உருளைக்கல் பதித்த தரை. குழந்தைத் தள்ளுவண்டியோடு போகிறவர்களுக்கும், முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கும் அது சிரமம். அவர்களை நகர மன்றம், எகிடியன் இரண்டோடு நிறுத்தி, டிராமில் திரும்பக் கூட்டிவந்துவிடுவேன். சாப்பாட்டுக்குப் பழைய நகர மன்றத்தின் பக்கத்தில் இருக்கும் மார்க்ட்ஹாலே நல்லது. பல நாட்டுக் கடைகள், சைவத்துக்கும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அன்று ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.