பல ராடார்களுக்கு ஒரே மேசை: ஸ்னாப் மென்பொருள் மதிப்புரை

சிங்கப்பூர் வானத்தில் மேகம் விலகி நிற்கும் நேரம் குறைவு என்பதால், நீரிணையைக் கண்காணிக்க விரும்புவோர் மேகத்தை ஊடுருவும் ராடார் செயற்கைக்கோள்களையே நாட வேண்டியிருக்கிறது. அப்படங்களைக் கையாள ஐரோப்பிய விண்வெளி அமைப்பு இலவசமாக வழங்கும் ஸ்னாப் மென்பொருளை, பல செயற்கைக்கோள்களின் தரவைப் பெறும் தரைக்கட்டமைப்பு ஒன்றின் நடுவில் வைக்கலாமா என்பதே நான் பார்க்க விரும்பியது.

தாராளமாக வைக்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-1 தரவு ஒரு கோப்பமைப்பிலும், இத்தாலியின் காஸ்மோ-ஸ்கைமெட் தரவு வேறொன்றிலும், ஜப்பானின் ஆலோஸ் தரவு மூன்றாவதொன்றிலும் வருகின்றன. இவை அனைத்தையும் ஸ்னாப் திறந்து, ஒரே உள்வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சுற்றுப்பாதைக் கோப்பைப் (செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்ற பதிவு) பொருத்துதல், அளவீட்டுத் திருத்தம் (படத்தின் எண்களை ராடார் எதிரொலியின் உண்மை அளவாக்குதல்), புள்ளியிரைச்சல் நீக்கம், நிலவமைப்புத் திருத்தம் (நில உயரத்தால் வரும் இடப்பிறழ்வைச் சரிசெய்தல்) என்ற வரிசையை ஒருமுறை வரைந்து சேமித்துவிட்டால், திரையில் யாரும் உட்காராமலேயே கட்டளை வரியிலிருந்து அதை ஓட்டலாம். இரவில் தரவு வந்து சேரும் நிலையத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டியதில்லை.

கடலைப் பார்ப்பவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நிலவமைப்புத் திருத்தத்தில், உயரத் தரவு இல்லாத பகுதிகளை மறைக்கும் தெரிவு தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும். அதை எடுத்துவிடாமல் ஓட்டினால் ஜூரோங் தீவு துல்லியமாகத் தெரியும், அதைச் சுற்றியுள்ள கடல் காணாமற்போகும். எடுத்துவிட்டால், நங்கூரமிட்ட கப்பல்கள் வெண்புள்ளிகளாகவும், சிற்றலைகளை அடக்கிவிடும் எண்ணெய்ப் படலம் கரிய கறையாகவும் தெரியும். காற்றே இல்லாத நேரத்துக் கடலும் அதே கருமையைக் காட்டும் என்பதை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லிவிடாது.

கோப்புகள் ஒன்றுபட்டாலும் இயற்பியல் ஒன்றுபடுவதில்லை. சென்டினல்-1 ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர் அலைநீளத்திலும், காஸ்மோ-ஸ்கைமெட் போன்ற எக்ஸ் அலைவரிசை ராடார்கள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரிலும் இயங்குவதால், எவ்வளவு கருமையை எண்ணெய் எனக் கொள்வது என்று ஒன்றுக்கு வகுத்த வரம்பை மற்றொன்றுக்கு அப்படியே பயன்படுத்துவது பிழையாகும். மேலும், மிகத் துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு வர ஏறத்தாழ 20 நாள் ஆகும். கசிவைத் தேடுபவர்கள் சில மணி நேரத்தில் கிடைக்கும் கோப்போடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

ஸ்னாப்பின் எல்லை இந்தப் படிகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. அலைவாங்கியில் இறங்கும் மூல சமிக்ஞையை அது படமாக்குவதில்லை. அந்த வேலைக்குச் செயற்கைக்கோள் நிறுவனத்தின் செயலியைத்தான் நம்ப வேண்டும். எக்ஸ் அலைவரிசையில் 8025 முதல் 8400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் தரவைத் தரைக்கு அனுப்பப் பொதுவானது என்பதால் அலைவாங்கியைப் பகிர்வது எளிது. ஆனால் 2023 ஏப்ரல் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நமது சிங்கப்பூர் ராடார் செயற்கைக்கோளான டெலியோஸ்-2 நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால் ஒரு நாளில் பலமுறை தலைக்கு மேல் வரும். துருவப் பாதையில் செல்வனவோ அதைவிடக் குறைவாகவே எட்டிப் பார்க்கும். எதை, எப்போது படமெடுப்பது என்ற கோரிக்கையை ஒரே வடிவில் அனுப்பும் வழியும் ஸ்னாப்பில் இல்லை.

நினைவகம் 16 ஜிபிக்குக் குறைந்த கணினியில் இதை முயல வேண்டாம் என்பேன். இன்னொன்று: நான் பார்த்த ஒரு வணிக நிறுவனத்தின் மாதிரித் தரவில், அளவீட்டுத் திருத்தத்துக்குத் தேவையான கெழுக்கள் (பெருக்கெண்கள்) தனி ஆவணம் ஒன்றில் மட்டுமே இருந்தன; படம் திறந்தது, எண்களுக்குப் பொருள் இல்லை. ஆகவே படம் வாங்க ஒப்பந்தமிடும் முன், ஒரு மாதிரிக் கோப்பைக் கேட்டு வாங்கி, அளவீட்டுத் திருத்தம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.