அண்ணாச்சி நெட் சென்டர்: அப்ளிகேஷன் போட்டே அலுத்துப்போனவர்களுக்கு

கோச்சிங் சென்டர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் பாதி அதுதான். அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கும் நெட் சென்டரைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்கு என்ன விமர்சனம் வேண்டிக்கிடக்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் படிக்கும்போது அவ்வளவாகச் சோர்வதில்லை. புத்தகம் கையில் இருக்கும், கூட நாலு பேர் இருப்பார்கள், ஏதோ நடக்கிறது என்று தோன்றும். சோர்வு வருவது அப்ளிகேஷன் போடும் அன்றைக்கு. அதே அப்பா பெயர், அதே சாதிச் சான்றிதழ் நம்பர், அதே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். வயதை அந்த வருட ஜூலை 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். போன தடவை போட்டதைவிட ஒரு வயது கூடியிருக்கும். ‘சரி, நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று மூடி வைப்போம். நாளை நாளை என்று தள்ளி, லாஸ்ட் டேட் அன்று ராத்திரி சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும். நன்றாகப் படித்துவிட்டு அப்ளிகேஷனே போடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். காரணம் கேட்டால் ‘நெட் கிடைக்கலை’ என்பார்கள். நெட் கிடைத்திருக்கும். மனசுதான் வந்திருக்காது.

அந்த விஷயத்தில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இந்தக் கடைக்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைப் பெயரை எழுதவில்லை. போர்டில் இருக்கிற பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லோருக்கும் அது அண்ணாச்சி நெட் சென்டர்தான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், வாசலில் ஒரு பெஞ்சு. சுவரில் டிஎன்பிஎஸ்சி வருடா வருடம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறார். எந்தத் தேர்வுக்கு எப்போது நோட்டிஃபிகேஷன் என்பதில் சிவப்பு ஸ்கெட்சில் வட்டம். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு காலண்டர்போலத் தொங்கும். ‘வெற்றி உன் கையில்’ மாதிரி வாசகம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்குக் கடை பிடித்துப்போனதற்கு அதுவே பாதிக் காரணம்.

முதல் தடவை போனால் அண்ணாச்சி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே மாட்டார். “நோட்டு வச்சிருக்கியாம்மா?” என்று கேட்பார். இல்லை என்றால் அவரே ஒரு நாற்பது பக்க நோட்டைக் காசுக்குக் கொடுப்பார். முதல் பக்கத்தில், டிஎன்பிஎஸ்சி தளத்தில் போடும் ஒருமுறைப் பதிவான ஓடிஆரின் ஐடி, எந்த மெயில் ஐடி, எந்த போன் நம்பர், ஓடிஆர் என்றைக்குப் போட்டது, என்றைக்கு முடியும். ஒருமுறைப் பதிவு என்றுதான் பெயர், ஆனால் 150 ரூபாய் கட்டினால் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். ஐந்து வருடத்துக்குள் வேலை கிடைத்துவிடும் என்ற நினைப்பில் யாரும் அந்தத் தேதியைக் குறித்து வைப்பதில்லை. அண்ணாச்சி குறிக்க வைப்பார். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு வரி: அப்ளிகேஷன் நம்பர், கட்டிய ஃபீஸ், பரீட்சைத் தேதி. ரிசல்ட்டுக்கு என்று கட்டம் கிடையாது. நான் ஒருத்தி கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அது நமக்கு எதுக்கும்மா, அது அவங்க வெப்சைட்லல்லா இருக்கும்” என்றார்.

போன் நம்பர் விஷயத்தில் ரொம்பக் கறார். ஓடிபி வருவது நம் போனுக்கு, மெயில் நம் மெயில். மெயில் இல்லையென்றால் உட்கார வைத்து உருவாக்கிக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். இது பெரிய விஷயமா என்று தோன்றலாம். என் சித்தி மகளுக்கு வேறொரு ஊரில் ஒரு சென்டரில் ஓடிஆர் போட்டார்கள். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் நம்பரையே கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்தபோது உள்ளே நுழையவே அவளுக்கு வழியில்லாமல் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, படிக்கிற ஆசையே விட்டுப்போயிற்று.

அடுத்தது போட்டோவும் கையெழுத்தும். போட்டோ 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும். போனில் போட்டுச் சுருக்கினால் முகம் புள்ளி புள்ளியாகிவிடும், இல்லையென்றால் சைஸ் கூடிவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்து போடுகிறவர்கள் பாதிப் பேர் எழுந்து போவது இந்த இடத்தில்தான். அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கறுப்பு மை பேனாவில் வரிசையாகக் கையெழுத்துப் போடச் சொல்வார். முதலில் போடுவதெல்லாம் ஸ்டைலாக இருக்கும், போகப்போகத்தான் நம் நிஜக் கையெழுத்து வரும். அதில் ஒன்றைச் சுற்றி பென்சிலால் கட்டம் போட்டு, “பரீட்சை ஹால்லயும் இதே மாதிரி போட வருமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்கேனரில் வைப்பார். என் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதை வெட்டிவிடலாம் என்று சொன்னேன். வெட்டவில்லை. திரும்பப் போட வைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கட்டணச் சலுகை கட்டம் வந்ததும் நிறுத்திவிடுவார். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற விதவை ஆகியோருக்கு ஃபீஸ் முழுக்க விலக்கு. பிசி, எம்பிசிக்கு மூன்று தடவை இலவசம். அந்த மூன்றும் தீர்ந்த பிறகும் ‘உண்டு’ என்று கிளிக் செய்துவிட்டால் அப்ளிகேஷனே ரிஜெக்ட் ஆகலாம். குரூப் 4-க்கு ஃபீஸ் 100 ரூபாய். “நூறு ரூவாய்க்கு ஒரு வருசத்தக் கொடுத்துராதே” என்பார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சர்டிஃபிகேட் வேண்டும். அந்த ஃபாரத்தைக் கடையில் எப்போதும் பிரிண்ட் எடுத்து அடுக்கி வைத்திருப்பார். நோட்டிஃபிகேஷன் வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் வாங்கி வைக்கச் சொல்வார். நான் படித்த ஆரம்பப் பள்ளி ஊருக்கு வெளியே. ஹெச்.எம். கையெழுத்துக்குப் போனபோது என் பெயர் இருந்த அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த தெம்பில் அந்த வாரம் முழுக்கப் படித்தேன், அது தனிக் கதை.

இனிமேல்தான் முக்கியமான இடம். எல்லாம் நிரப்பியதும் அவர் சப்மிட் கொடுக்க மாட்டார். பிரிவ்யூவை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, “வெளிய பெஞ்சில உக்காந்து சாவகாசமா வாசிச்சிட்டு வா” என்பார். பேர், இனிஷியல், பிறந்த தேதி, சான்றிதழ் நம்பர், தேர்வு மையம் என்று ஒவ்வொன்றையும் பேனாவால் டிக் அடித்து வர வேண்டும். நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் விசைத்தறிக்குப் போகும் ஒரு பையன், நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். சாதிச் சான்றிதழில் ஒரு எண் மாறியிருந்ததை அவனே கண்டுபிடித்தான். லாஸ்ட் டேட் முடிந்த பிறகு திருத்துவதற்கு மூன்று நாள் அவகாசம் கொடுக்கிறார்கள்தான். ஆனால் அதை நம்பி அலட்சியமாகப் போட்டவர்கள் அந்த மூன்று நாளையும் மறந்துவிடுவார்கள்.

வாசித்துவிட்டு உள்ளே போனால் மவுஸை நம் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். சப்மிட்டை நாம்தான் அமுக்க வேண்டும். இதற்கு அவர் ஒரு விளக்கமும் சொல்வதில்லை. நாளைக்குப் பிரச்சினை வந்தால் தன் தலையில் விழக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். எதற்காக இருந்தாலும், யாரோ எனக்காகப் போட்டுக் கொடுத்த அப்ளிகேஷனுக்கும் நானே வாசித்து நானே அமுக்கிய அப்ளிகேஷனுக்கும் படிக்கிற வேகத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. கோச்சிங்கில் ஒன்றரை மணி நேரம் மைக் பிடித்துப் பேசிய மோட்டிவேஷன் ஸ்பீச் எனக்குப் பஸ் ஏறும்வரைகூடத் தாங்கியதில்லை.

காத்திருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 24 அன்று குரூப் 4 எழுதினோம். ரிசல்ட் வந்தது 2023 மார்ச்சில். 2023 பிப்ரவரியில் நடந்த குரூப் 2 மெயின்ஸுக்கு ரிசல்ட் 2024 ஜனவரியில். அந்த இடைவெளியில் வீட்டில், தெருவில், கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். இந்தக் கடையில் மட்டும் அதைக் கேட்க மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கப் போனால் “அடுத்து குரூப் 2 வருது, போட்டோ புதுசு எடுத்துட்டியா?” என்பதோடு சரி. 2024 ஜூனில் எழுதிய குரூப் 4-க்கு ரிசல்ட் அக்டோபர் கடைசியில் வந்தது. அன்றைக்கு நான் கடையில்தான் பார்த்தேன். பதிவெண் அடித்துக் கொடுத்துவிட்டு, மானிட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கியிருப்பதுபோல அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டார். ரேங்க் எட்டவில்லை. எழுந்து வரும்போது, “ஒரு பிரிண்ட் எடுக்கவாம்மா, ஃபைல்ல கிடக்கட்டும்” என்றார். காசு வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது அந்தக் குறைந்த ஒரு மார்க். அண்ணாச்சிக்கு எந்த நோட்டிஃபிகேஷன் வந்தாலும் ‘போட்டு வையும்மா, கிடக்கட்டும்’ என்று ஒரு பழக்கம். ரயில்வே, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, போலீஸ், பேங்க் என்று எல்லாவற்றுக்கும் போடச் சொல்வார். அவருக்கு வியாபாரம், குற்றம் சொல்ல முடியாது. இதில் எனக்கு உடன்பாடில்லை. அப்ளிகேஷன் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு ஏதோ சாதித்ததுபோல ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி ஆபத்தானது. குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 தமிழ். எஸ்எஸ்சிக்கு ஆங்கிலமும் கணக்கும் வேறு தினுசு. இரண்டையும் ஒரே வருடத்தில் ஓட்டப் பார்த்தவர்கள் ஹால் டிக்கெட் வந்த பிறகு போகாமல் விட்டதுதான் நான் பார்த்தது. ரயில்வேயில் 500 ரூபாய் கட்டினாலும் முதல் கட்டத் தேர்வு எழுதினால் 400 திரும்பி வரும் என்று ஆசை காட்டுவார். எழுதினால்தானே! எதற்குப் படிக்கிறோமோ அதற்கும், பாடத்திட்டத்தில் அதை ஒட்டி வருவதற்கும் மட்டும் போடுங்கள். அவர் ‘கிடக்கட்டும்’ என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

போட்டியைப் பற்றி அவரிடம் புலம்பினால் பலிக்காது. 2025 குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இதைச் சொல்லி ஒரு பையன் தலையில் கை வைத்தான். “அதுல பாதி பேருக்கு நான்தாம்ல போட்டுக் கொடுத்தேன்” என்று அண்ணாச்சி சொன்னதும் கடையே சிரித்தது, அந்தப் பையனும்தான்.

மற்ற குறைகள் சின்னவை. ஒரு கம்ப்யூட்டரின் கீபோர்டில் எழுத்து அழிந்து கிடக்கிறது. கரண்ட் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். நடுவில் கல்யாணப் பத்திரிகை ஜெராக்ஸுக்கு ஆள் வந்தால் நம்மை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய்விடுவார். பெண்கள் ரொம்ப நேரம் காத்திருக்க வசதி போதாது, வெயில் நேரத்தில் பெஞ்சில் உட்கார முடியாது.

அப்ளிகேஷனுக்கு 50 ரூபாய், ஓடிஆர் புதிதாகப் போட்டு ஸ்கேனும் சேர்த்தால் 100. ஃபீஸ் தனி, அது நம் போனிலிருந்தே கட்ட வேண்டும். காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள், சாயங்காலம் காலேஜ் விட்ட பிறகு கூட்டம் நெரியும். லாஸ்ட் டேட்டுக்கு முந்தைய இரண்டு நாளும் ஆடித்தபசுத் திருவிழா சமயமும் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களும் ஆதார் இணைத்த போனும் கையில் இருக்கட்டும். கறுப்பு மை பேனா ஒன்றும் கொண்டுபோய்விடுங்கள், அவர் எல்லாம் தருவார், பேனா மட்டும் இரவல் தரமாட்டார்.