வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்: 18,500 ரூபாய் போனது, உயிர் மட்டும் தப்பியது

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் கொசுவர்த்திச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. அது மட்டும் இருந்திருந்தால் அப்பாவும் நானும் இன்று இருந்திருப்போமா தெரியவில்லை. இன்று சனிக்கிழமை. நாலு நாளாகியும் அந்த அறைக்குள் போனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கோயமுத்தூர். அப்பாவுக்கு 71 வயது. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம், அதில் பெரும்பகுதி பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில். பஞ்சுத் தூசியைத் தின்றே நுரையீரல் போய்விட்டது. போன மாதம் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்து, பதினோரு நாள் கழித்து டிஸ்சார்ஜ் செய்தபோது டாக்டர் சொன்னது இதுதான்: வீட்டில் நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் ஓட வேண்டும், அதற்கு, அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் போதும். ஆனால் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், அதனால் துணைக்கு ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் 5 மணிக்குத்தான் கரண்ட் வரும். அடுத்த மின்தடை செவ்வாய்க்கிழமை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

அவசரத்தில்தான் மாட்டினேன். பழைய பொருள் வாங்கவும் விற்கவும் எல்லோரும் வைத்திருக்கிற ஒரு ஆப்பில் தேடினேன். பெயர் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை எந்தப் பெயரையும் பொதுவில் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். மருத்துவ உபகரணங்கள் வாடகைக்கு விடும் கடை என்று ஒரு விளம்பரம் இருந்தது. வெள்ளைக் கழுத்தோடு பளபளவென்று வரிசையாக சிலிண்டர் நிற்கிற போட்டோ. ஆப் கொடுக்கிற பச்சை டிக் வேறு. நான் கேட்டது சின்ன சிலிண்டர், பி டைப் என்பார்களே, அது. திங்கட்கிழமை சாயங்காலம் குட்டி யானையில் வந்து இறங்கியது என் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கும் ஜம்போ.

"சின்னது ஸ்டாக் இல்லீங்ணா. அய்யா உடம்புக்குப் பெருசா இருந்தாத்தானுங்க சேஃப்டி" என்றான் கொண்டுவந்த பையன். முப்பது வயது இருக்கும்.

அந்தப் பையன் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்கள் ஏமாந்தது அங்கேதான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான். நேராக அப்பா கட்டிலுக்குப் போனான். "எப்படி இருக்கீங்கய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். தன் அப்பாவும் இப்படித்தான் படுக்கையில் கிடந்து போனார், அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்றான். மூக்குக் குழாயை அவனே அப்பாவுக்கு மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்தாத மாதிரி ஒரு துண்டுப் பஞ்சு வைத்துவிட்டான். என் மனைவி கொடுத்த காபியைக்கூட வாங்கவில்லை. "இன்னும் ரெண்டு பேஷண்ட் வீட்டுக்குப் போகணுங்க்கா" என்றான். அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பாவை இவ்வளவு பக்குவமாகத் தொட்ட ஒருவனிடம் பில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உடனே போனில் பணத்தை அனுப்பினேன். டெபாசிட் 12,000, ஒரு மாத வாடகை 2,500, ரெகுலேட்டரும் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் 3,000, வண்டிக் கூலி 1,000. மொத்தம் 18,500 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தான். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, சிலிண்டர் எண் இல்லை.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்டும் ரெகுலேட்டர் முள் 140 பார் காட்டியது. செவ்வாய்க்கிழமை மின்தடை முழுக்க அப்பா அதில்தான் இருந்தார். சாயங்காலம் கரண்ட் வந்ததும் மெஷினுக்கு மாற்றிவிட்டு வால்வை இறுக்கி மூடினேன். அப்போது முள் 120. மூடிய பிறகும் "ஸ்ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம். போன் செய்தேன். அன்றைக்கு மட்டும் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"புதுசா பெயிண்ட் அடிச்சு வந்திருக்குதுங்ணா, அதான் வால்வு கொஞ்சம் டைட்டா இருக்கும். வண்டிக்குப் போடற கிரீஸ் இருந்தா லேசா தடவி, ஸ்பேனர் போட்டு ஒரு சுத்து சுத்துங்க. கிரீஸ் இல்லீன்னா தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்."

தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். அப்பா அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார், லைட் போட்டால் எழுந்துவிடுவார் என்று திரும்பி வந்தேன். வீட்டில் ஸ்பேனரும் இல்லை. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தினேன். சுருள் தேடினேன், பாக்கெட் காலி. அப்பா கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தேன்.

காலையில் பக்கத்துத் தெரு மாமா வீட்டுக்கு ஸ்பேனர் வாங்கப் போனேன். அவர் கேஸ் நிரப்பும் பிளாண்ட்டில் 22 வருஷம் வேலை பார்த்தவர்.

"ஸ்பேனர் எதுக்குங் தம்பி?"

சொன்னேன். எண்ணெய் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த மனுஷன் சட்டைகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

முதலில் பூஜை அறை விளக்கை மலையேற்றச் சொன்னார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தார். அப்பாவை மெஷினோடு ஹாலுக்கு மாற்றினோம். அப்புறம்தான் முள்ளைப் பார்த்தார். 80. ராத்திரி முழுக்க மூடியிருந்த சிலிண்டரில் 40 இறங்கியிருக்கிறது. ஜம்போ முழுசாக இருந்தால் 150 காட்டும், உள்ளே 7,000 லிட்டர் ஆக்சிஜன். 40 என்றால் ஏறக்குறைய 1,850 லிட்டர், அப்பா படுத்திருந்த பத்துக்குப் பத்து அறைக்குள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 23.5ஐத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜன்னல் சாத்திய அந்தச் சின்ன அறையில் 25, 26 வரைக்கும் போயிருக்கும் என்றார் மாமா. ஆக்சிஜனுக்கு வாசனை கிடையாது. சமையல் கேஸ் மாதிரி மூக்கில் ஏறி எச்சரிக்காது. அது தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் பேய்த்தனமாக எரியவைக்கும். போர்வை, தலையணை, பனியன், தலைமுடி எல்லாம் அதில் ஊறிக் கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும்.

எண்ணெய் விஷயம் அதைவிட மோசம். அழுத்தத்தில் வருகிற ஆக்சிஜன் எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் நெருப்பே தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும். சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கையைக்கூட வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமாம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பேசின அந்தப் பையனுக்கு இது தெரியாதா? தெரிந்து சொன்னானா, தெரியாமலே ஊரெல்லாம் சிலிண்டர் இறக்குகிறானா? இரண்டில் எது உண்மையானாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு பையன்களை வைத்துப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி, மீதி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார் மாமா. ரெகுலேட்டரைக் கழற்றினால், வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். வால்வு உள்ளே தேய்ந்து போய், எவ்வளவு இறுக்கினாலும் முழுசாக மூடவே இல்லை. கழுத்துப் பகுதியில் வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் கருப்பு. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்கு உடம்பு கருப்பு, கழுத்து வெள்ளை. முழுக்கக் கருப்பாக இருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போகிற இண்டஸ்ட்ரியல் சிலிண்டர். இன்னும் சுரண்டினோம். இரும்பில் குத்தியிருந்த கடைசி டெஸ்ட் தேதி 2012 மார்ச். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து, புதுத் தேதி குத்தினால்தான் திரும்ப நிரப்பலாம். 2017லேயே கெடு முடிந்த உருளையை எவனோ நிரப்பி, எவனோ பெயிண்ட் அடித்து, என் அப்பா தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 2021 கொரோனா சமயத்தில் டெல்லியில் தீயணைப்பான் சிலிண்டருக்குப் பெயிண்ட் அடித்து ஆக்சிஜன் என்று விற்றவர்களைப் போலீஸ் பிடித்த செய்தியைப் படித்துவிட்டு "இப்படியும் இருப்பார்களா" என்றவன் நான்.

இன்னொன்றும் மாமா கணக்குப் போட்டுச் சொன்னார். எட்டு மணி நேர மின்தடைக்கு அப்பாவுக்கு வேண்டியது 960 லிட்டர். நான் முதலில் கேட்ட சின்ன சிலிண்டரிலேயே 1,500 லிட்டர் இருக்கும். ஜம்போவே எங்களுக்குத் தேவையில்லை.

இனி அந்தக் கடைக்காரர்கள். புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து கூப்பிட்டேன். பதினாலாவது தடவை வேறொருவர் எடுத்தார். "டெலிவரி பையன் வேலையை விட்டுப் போயிட்டானுங்க." சிலிண்டரை எடுத்துக்கொண்டு என் 18,500ஐத் தாருங்கள் என்றேன். "ஓனர் பழனி போயிருக்காருங்க, வந்ததும் பேசச் சொல்றேன்." மத்தியானம் ஓனர் என்று ஒருவர் பேசினார். டெஸ்ட் தேதியைச் சொன்னதும் குரல் மாறியது. "பெயிண்டைச் சுரண்டினது யாருங்க? கேஸைத் திறந்துவிட்டது யாருங்க? பொருளை டேமேஜ் பண்ணிட்டு டெபாசிட் கேக்கறீங்களே" என்றார். எங்கள் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வியாழக்கிழமை போட்டோவெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் அவருடைய படம் மறைந்துவிட்டது. பிளாக்.

சீட்டில் எழுதியிருந்த விலாசத்துக்கு நேரில் போனேன். அங்கே இருந்தது பெயிண்ட் கடை. அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்.

ஆப்காரர்களிடம் புகார் போட்டேன். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை, பொருளின் தரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது. அப்புறம் எதற்கு அந்தப் பச்சை டிக் என்று கேட்டேன். அது போன் நம்பர் சரிபார்த்ததற்கான டிக்காம். ஸ்டேஷனில் "சிலிண்டர் உங்ககிட்டதானே இருக்கு, இது பணத் தகராறு" என்றார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி உட்கார்ந்த பிறகு மனு ஏற்பு ரசீது கொடுத்தார்கள். பணம் போனில் போனதால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும், நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் பதிந்திருக்கிறேன். 18,500 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்பாவின் இரண்டு மாத மருந்துச் செலவு அது.

வாடகைக்கு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று முழுசாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். சிலிண்டர் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கழுத்தில் குத்தியிருக்கிற டெஸ்ட் தேதியைப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்து எழுத்து மறைந்திருந்தால் இறக்கவே விடாதீர்கள். மெடிக்கல் ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து, தயாரித்தவர் பெயரும் பேட்ச் எண்ணும் போட்ட லேபிள் இருக்க வேண்டும். நிற்க வைத்துச் சங்கிலி போடுங்கள், விழுந்து வால்வு உடைந்தால் ராக்கெட் மாதிரி பாயும். வால்வை மெதுவாகத் திறங்கள். விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, பீடி எதுவும் அந்த அறைப் பக்கமே வேண்டாம். நோயாளிக்கு மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள் (நாங்கள் இத்தனை நாள் தடவிக்கொண்டிருந்தோம்), தண்ணீர் சார்ந்த ஜெல் எது என்று டாக்டரிடம் கேளுங்கள். ரசீதில் சிலிண்டர் எண் எழுதாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது ஆஸ்பத்திரி மூலமாகவே சின்ன சிலிண்டர் ஒன்று வந்துவிட்டது. தேதியை மாமா பார்த்துவிட்டார்.

அந்த ஜம்போ இன்னும் பின்கட்டு வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால் என் மனைவி போனிலிருந்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது. அதே வெள்ளைக் கழுத்து போட்டோ, அதே பச்சை டிக். கீழே யாரோ ஒரு பெண், "அம்மாவுக்கு அவசரமா வேணும், இன்னைக்கே கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள் என்று அவருக்குப் பதில் போட்டேன், பத்து நிமிஷத்தில் என் பதிலை நீக்கிவிட்டார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தால் தயவுசெய்து உடனே சொல்லிவிடுங்கள்.