பழைய தேவாலயச் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

நூலகத்துக்கோ கூட்டங்களுக்கோ பழைய ஆலயத்தைத் திறந்துவிடும்போது முதல் தொல்லை, ஈரம் ஏறிய சுவர்தான்.

சிமெண்ட் பூச்சு சீக்கிரம் முடியும், ஆளும் எளிதில் கிடைக்கும். ஆனால் நீலகிரியின் 19-ஆம் நூற்றாண்டுச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியே வெளியேற வேண்டும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். பின்னால் உப்பு படிந்து, செங்கல் முகத்தோடு பாளம் பாளமாகப் பெயரும். சுவருக்குள் புதைந்த உத்திர முனைகளும் உளுத்துப்போகும். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்து உத்திர மரங்கள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தவை. அதற்கு மாற்று எங்கே தேடுவது?

சுண்ணாம்புக்குப் பொறுமை தேவை. நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது தண்ணீரில் ஊறவிட்டு, 1 பங்குக்கு 3 பங்கு சலித்த மணல் சேருங்கள். ஒரு பூச்சு 10 மி.மீ.யைத் தாண்டினால் வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பூசினால் உதிரும். பிப்ரவரி, மார்ச் நல்லது. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சிமெண்டின் கேடே திரும்பும்.

எதைப் பூசினாலும் முதலில் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து, சுவரோரம் ஏறிய மண்ணை வெட்டியெடுங்கள். புதிதாகத் தனியே கட்டும் கழிப்பறைக்குச் சிமெண்டே போதும்.