வஞ்சிரம் கிலோ 650 என்று யாராவது கூப்பிட்டால்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கெட்டுப்போன மீனைத் தலையில் கட்டுவது பழைய வித்தை. செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் அது செல்லாது என்று வியாபாரிக்கும் தெரிந்துவிட்டது. அதனால் இப்போது நல்ல மீனைக் காட்டுகிறார்கள், அதையே எடை போடுகிறார்கள், வெட்டுகிற இடத்தில் வேறு மீனைப் பையில் போட்டுவிடுகிறார்கள்.

கடைப் பெயரை எழுதவில்லை. எழுத ஒரு போர்டே அங்கே கிடையாது. பெரிய மார்க்கெட் ஒன்றுக்கு வெளியே, நீலத் தார்ப்பாய் கட்டி, தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் ரோட்டோரக் கடை. இந்த மாதிரி கடை ஊரெல்லாம் இருக்கிறது.

மாமனார், மாமியார் திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். வஞ்சிரம் வறுவல், தலையைப் போட்டு ஒரு குழம்பு என்று வீட்டில் திட்டம். கையில் 1,500 ரூபாய். மார்க்கெட் உள்ளே அன்றைக்கு வஞ்சிரம் கிலோ 1,100-க்குக் குறைய மாட்டேன் என்று நின்றது. வெளியே வந்தால், "சார், வஞ்சிரம் 650, காலையில வந்த சரக்கு, தொட்டுப் பாத்துட்டு சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள். தொட்டும் பார்த்தேன். கண் துருத்திக்கொண்டு பளிச்சென்று இருந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்பி வந்தது. இரண்டு கிலோ நூறு கிராம், 1,365 ரூபாய். பார்க்கவேண்டியது எல்லாம் பார்த்தாயிற்று.

"வெட்டுக்கூலி கிடையாது சார், நம்ம கடையிலயே ஃப்ரீயா வெட்டித் தர்றோம்" என்றார். இந்த ஒரு வரிதான் மொத்தப் பதிவும். சென்னை மார்க்கெட்டுகளில் மீன் விற்பவர் ஒருவர், வெட்டுகிறவர் வேறொருவர். அருவாமனையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களிடம் நாமே மீனைக் கொண்டுபோய்க் கொடுத்து, கிலோவுக்கு முப்பதோ ஐம்பதோ தந்து, எதிரே நின்று வாங்கி வருவோம். அந்த ஐம்பது ரூபாய் மிச்சம் என்ற ஆசையைக் காட்டித்தான் மீனை நம் கண்ணிலிருந்து எடுத்துப் போகிறார்கள். என் மீன் தெர்மாகோல் பெட்டிகளுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு பெரிய டப்பில் ஏற்கெனவே வெட்டிய துண்டுகள் கிடந்தது லேசாகத் தெரிந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பையன் கைநிறைய எறாவை அள்ளிக்கொண்டு வந்து, "சார், இதப் பாருங்க, உயிரோட இருக்கு" என்று பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தான். திரும்பினால் கறுப்பு கவர், அதற்குள் இன்னொரு கறுப்பு கவர், இறுக்கி ஒரு முடிச்சு. (2019-லேயே தடை செய்த கவர். அது தனிக்கதை.)

வீட்டில் முடிச்சை அவிழ்த்தது மாமியார். என்னிடம் நேராகச் சொல்ல மாட்டார். உள்ளே பார்த்து, "ஏம்மா, மாப்பிள்ளை ரெண்டு மீனா வாங்கிட்டு வந்தாரு?" என்று மகளிடம் கேட்டார்.

கழுவித் தட்டில் பரப்பியதும் எனக்கும் தெரிந்தது. பாதித் துண்டுகளில் தோல் வழவழவென்று, வெள்ளியும் சாம்பலும் கலந்து, மங்கலான புள்ளிகளோடு இருந்தது. அதுதான் நான் பார்த்து எடுத்த வஞ்சிரம். மீதியில் விரலால் எதிர்ப்பக்கம் தேய்த்தால் செதில் சொரசொரத்தது. வஞ்சிரத்தில் கையில் தட்டுப்படுகிற மாதிரி செதில் இருக்காது. இது சீலா. அதுவும் எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, நடுமுள்ளை விட்டுச் சதை தானாகப் பிரிந்து நின்றது, ஓரம் பழுப்பாகியிருந்தது. சீலா மோசமான மீன் இல்லை. சீலா என்று சொல்லி, சீலா விலைக்கு, புதுசாகக் கொடுத்தால் நானே வாங்கியிருப்பேன்.

தலை? இல்லை. வால்? அதுவும் இல்லை. சமையலறைத் தராசில் வைத்தால் துண்டுகள் 1 கிலோ 180 கிராம். வஞ்சிரத்தில் தலையும் வாலும் குடலும் போனால் கால்வாசி குறையும், மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. அப்படியே வைத்தாலும் 1 கிலோ 400 இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் கிலோ 1,150 கொடுத்து, பாதி பழைய சீலா வாங்கியிருக்கிறேன். உள்ளே 1,100 சொன்ன அம்மாவிடம் சின்ன மீனாக ஒரு கிலோ வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும், எல்லாமே வஞ்சிரமாக இருந்திருக்கும், குழம்புக்குத் தலையும் வந்திருக்கும்.

அன்று மாலையே துண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் "சார்" என்றவர் இப்போது "என்னங்க" என்றார். தலை எங்கே என்றேன். "நீங்க கேக்கல, குப்பையில போட்டுட்டாங்க." எடை? "ஐஸ் தண்ணி இறங்கியிருக்கும்." இரண்டு விதமான தோல்? "கடல் மீனுங்க, ஃபேக்டரியிலயா செய்யுறாங்க, ஒண்ணு போல இருக்க?" பக்கத்தில் நான்கு பேர் கூடிய பிறகு, சரி விடுங்க என்று அரைக் கிலோ சங்கராவை நீட்டினார். அந்தச் சங்கராவின் வயிறு அழுத்தினால் உள்ளே போனது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தலையைக் காணாமல் போகவைப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. துண்டாக்கிய பிறகு இது எந்த மீன், எத்தனை நாள் மீன் என்று சாட்சி சொல்வது தலைதான். கண்ணும் செவுளும் அதில்தான் இருக்கின்றன. கழுத்து வெட்டின் அளவு முதல் துண்டோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடலாம். உங்களுக்குத் தலை பிடிக்காவிட்டாலும் தலையையும் வாலையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் பூனைக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்லது, எடை போட்டதும் மீனை உங்கள் பையில் வாங்கிக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த வெட்டுகிறவரிடம் நீங்களே எடுத்துப் போவது. உண்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் பணத்தை எடுக்கவேண்டாம். கொடுக்கும் முன் தட்டில் இருக்கும் மீனை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், தராசின் எண்ணும் தெரிகிற மாதிரி.

தராசைப் பற்றி ஒன்று. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை வாங்கவேண்டும். அந்த முத்திரை இருக்கிறதா என்று நின்று நிதானமாகத் தேட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடியாது. நான் இப்போது பையில் திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு போகிறேன். வைத்தால் ஒரு கிலோவும் பாட்டிலுக்காக இருபது முப்பது கிராமும் காட்டவேண்டும். 1,150 காட்டினால் அந்தக் கடையில் மீன் வாங்கவேண்டாம். பாட்டிலைப் பார்த்ததுமே சில கடைகளில் "அண்ணே, இந்தத் தராசு வேணாம், அதுல போடறேன்" என்று தராசே மாறுகிறது! தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதும், மீன் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்த்திதான்.

எங்கள் அபார்ட்மெண்டில் மேல்வீட்டு அக்காவுக்கு நடந்தது வேறு வகை. வவ்வால் என்று கிலோ 300-க்கு வாங்கினார், மலிவு என்று சந்தோஷப்பட்டார். அது ரூப்சந்த். ஏரி வவ்வால் என்றும் சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த நன்னீர் மீன், ஆந்திரப் பண்ணைகளில் நிறைய வளர்க்கிறார்கள். உருவம் வவ்வால் போலவே தட்டையாக, வட்டமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் சிவப்போடும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், நம் கடைவாய்ப் பல் போல வரிசை கட்டி நிற்கும். வவ்வாலுக்கு அப்படி இருக்காது. ரூப்சந்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் விலை வவ்வால் விலையில் பாதிகூட இல்லை.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்களில் ஆள் மாறாட்டம் எனக்கு நடந்ததில்லை. அங்கே இருக்கும் பொறி எழுத்தளவில். பெரிய எழுத்தில் மொத்த எடைக்கு விலை போட்டு, சுத்தம் செய்த எடையைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். எறா ஒரு கிலோ என்றால், தலையும் ஓடும் போய் அரைக் கிலோ தேறினாலே பெரிது. எதை வாங்கினாலும் சட்டியில் விழப்போகும் எடையால் விலையை வகுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் மார்க்கெட்டில் மலிவு என்று நினைத்த பல மீன் மலிவில்லை, விலை என்று நினைத்த சில மீன் விலையில்லை.

கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் நமக்கு வஞ்சிரம், வவ்வால், கொடுவா என்ற மூன்று பெயரைத் தாண்டிப் போக மனசு வருவதில்லை. கவலை, கானாங்கத்தை, நவரை, கிழங்கா, காரப்பொடி எல்லாம் முழு மீனாகவே வருகின்றன. துண்டு போட்டு மாற்ற வழியில்லை. விலை குறைவு என்பதால் மாற்றி ஏமாற்ற லாபமும் இல்லை. 400 ரூபாய்க்கு நல்ல நவரை வாங்கி மிளகாய் தடவி வறுத்தால் என் மாமனாருக்கு வஞ்சிரமே ஞாபகம் வராது.

ஆனால் கானாங்கத்தை, கவலை, சூரை இந்த மூன்றையும் இரவு ஏழு மணிக்குப் பாதி விலை என்று கூவும்போது வாங்காதீர்கள். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் இந்த வகை மீன்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தும் பயனில்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். நண்பர் வீட்டில் பையனுக்கு இப்படி ஆகி, மீனே அலர்ஜி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் மீன் கொடுக்காமல் இருந்தார்கள். அப்புறம் காலையில் கரைக்கு வந்த கானாங்கத்தையைச் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிவிட்டு வருகின்றன. பெரிய மீன் அதில்தான் வரும், ஆனால் இன்று கரைக்கு வந்தது என்றால் இன்று பிடித்தது என்று அர்த்தமில்லை. ராத்திரி போய் காலையில் திரும்பும் ஃபைபர் படகு மீன் சின்னதாக இருந்தாலும் புதுசு. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் அதுதான் கிடைக்கும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போனால் காசிமேட்டில் கூறாக எடுத்துப் பிரித்துக்கொள்வது கட்டுப்படியாகும், விடியும் முன்னே போகவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தப் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது ஒருவர் பெரிய வஞ்சிரத்தைக் காட்டி, "இப்பதான் போட்ல இருந்து எறக்கினோம்" என்றால், எந்த போட் என்று கேளுங்கள். கேரளக் கரையிலிருந்து லாரியில் வந்ததாக இருக்கலாம், கோல்டு ஸ்டோரேஜ் சரக்காக இருக்கலாம். அதை அப்படிச் சொல்லி விற்றால் பிரச்சினை இல்லை.

மீன் கெடாமல் இருக்கச் சிலர் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனம் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 2018-ல் கேரளச் சோதனைச் சாவடிகளில் அது கலந்த மீனைப் பிடித்தபோது கிளம்பிய பயம் அது. ஈ மொய்க்காவிட்டால் மருந்து போட்டது என்பார்கள். ஐஸில் புதைத்த நல்ல மீனிலும் ஈ உட்காராது, அதை நம்பி முடிவெடுக்க முடியாது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டையால் சோதிக்கும் கிட் ஒன்றைக் கண்டுபிடித்தது. அது மார்க்கெட் வாசலிலேயே இருந்தால் நன்றாக இருக்கும். 

புகார் விஷயம். பில் கிடையாது. ஜிபேயில் போன பெயரைப் பார்த்தால் மீன் கடையே இல்லை, ஏதோ மொபைல் சர்வீஸ் சென்டர். எடைக் குறைவுக்குத் தொழிலாளர் துறை, கெட்ட மீனுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை, பொதுவாக நுகர்வோர் உதவி எண் 1915. நான் 1915-க்கு அழைத்து, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் தட்டில் பரப்பிய துண்டுகளின் போட்டோவும் இருக்கிறது என்று சொல்லிப் பதிவு செய்தேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. பதில் இன்னும் வரவில்லை. கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், வஞ்சிரம் 600 ஆகியிருந்தது.