நானோ கருத்தரங்கு: டெமோ அருமை, போஸ்டரில் கன்ட்ரோல் எங்கே?

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை நடத்திய ஒருநாள் கருத்தரங்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று காலையில் பாதி போய்விட்டது.

கொடுத்த காசுக்கு டெமோ மேசை ஒன்றே போதும். கொதித்துக்கொண்டிருந்த குளோரோஆரிக் அமிலக் (தங்கச் சேர்மம்) கரைசலில் டிரைசோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றினார்கள். வெளிர்மஞ்சள் மறைந்து, கருநீலமாகி, சில நிமிடங்களில் மாணிக்கச் சிவப்பில் வந்து நின்றது. தங்க நானோதுகள் செய்ய வேதியியலாளர் துர்கெவிச்சின் குழு 1951-இல் வெளியிட்ட அதே முறை. பிறகு கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டதும் சிவப்பு நீலமானது. துகள்மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமைதான் அவற்றை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளுகிறது. உப்பு அந்தச் சுமையை மறைத்ததும் துகள்கள் திரண்டுவிடும். 520 நானோமீட்டர் வாக்கில் இருந்த உறிஞ்சல் உச்சி நீண்ட அலைநீளத்துக்கு நகரும். ராஜதிராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கழுவாத குடுவையிலும் செய்து, அது கறுத்து அடியில் படிவதைக் காட்டினார்களே, அதற்குத் தனிப் பாராட்டு.

போஸ்டர் கூடத்தில், இலைச்சாற்றால் வெள்ளி நானோதுகள் செய்யும் ஆய்வுகளில், இலை மாறியது, செய்முறை மாறவில்லை. வேம்பு, துளசி, முருங்கை. 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 90 மி.லி., இலைச்சாறு 10 மி.லி., பழுப்பானால் வெற்றி! 420 நானோமீட்டர் உறிஞ்சல் உச்சியை மட்டும் வைத்துத் துகளின் அளவு சொல்ல முடியாது. எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாடு போட்டவர்கள் பலர். கருவியால் வரும் அகலத்தைக் கழித்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. டி.எல்.எஸ். (கரைசலில் ஒளிச்சிதறல்) அளவு டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) அளவைவிடக் கூடுதலாக வந்ததைக் ‘கருவிப் பிழை’ என்று ஒரு போஸ்டரில் எழுதியிருந்தார்கள். பிழையே இல்லை. டி.எல்.எஸ். துகளோடு அதன் மேலுறையையும், கூடவே நகரும் நீரையும் சேர்த்தல்லவா அளக்கிறது?

பாக்டீரியா சோதனைதான் பெரிய ஓட்டை. மையவிலக்கில் சுழற்றிக் கழுவாத மாதிரியில் வினைபுரியாத வெள்ளி அயனி மிச்சமிருக்கும்; அதுவே கிருமியைக் கொல்லும். கிருமி வளர்க்கும் தட்டில் வெறும் வெள்ளி நைட்ரேட் ஒரு குழி, வெறும் இலைச்சாறு ஒரு குழி என ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் வைக்காமல், குழியைச் சுற்றிக் கிருமி வளராத அந்த வளையத்துக்கு அர்த்தமில்லை. முருங்கை போஸ்டர் ஒன்றில் இரண்டும் இருந்தன. கழுவிய பிறகு வளையம் சுருங்கியதையும் மறைக்காமல் போட்டிருந்தார்கள். பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. மதிப்பெண் தாளில் வடிவமைப்புக்கும் பேச்சுக்கும் கட்டம் இருந்தது, கன்ட்ரோலுக்கு இல்லை.

பி.எஸ்சி. இறுதியாண்டு மாணவர்கள் டெமோவுக்காகவே போகலாம். சாப்பாடு சுமார்தான்.